புது ரெக்கார்டுக்குக் காத்திருக்கிறீர்களா? முன்பதிவு முதல் பார்சல் பிரிப்பது வரை

போன வாரம் சென்னையிலிருந்து என் தங்கை மகன் கூப்பிட்டான். “மாமா, பிப்ரவரியிலேயே பணம் கட்டிட்டேன். ஜூன்ல வரும்னு போட்டிருந்தாங்க. இப்ப செப்டம்பர்னு மெயில் வந்திருக்கு. ஏமாத்துறாங்களா?” ஒரு வினைல் இசைத்தட்டுக்கு முன்பதிவு செய்திருந்தான்; அதை ஓட்டும் டர்ன்டேபிள் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவன். “ஏமாத்தலடா, தட்டு இன்னும் அச்சே ஆகலை” என்றேன். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் லண்டனில் பதினான்கு வருடமாகத் தட்டு வாங்குகிறவன். அதனால் இங்குள்ள கடைகளின் வழக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு வேண்டியதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

தேதி ஏன் தள்ளிப்போகிறது

ஒரு ஆல்பத்தை இணையத்தில் வெளியிட ஒரு கோப்பை ஏற்றினால் போதும். தட்டுக்கு வேலை அதிகம். அலுமினியத் தகட்டின்மேல் மென்மையான அரக்குப் பூச்சு கொண்ட ‘லாக்கர்’ ஒன்றை லேத்தில் சுழலவிட்டு, அதன் ஊசியால் பாட்டைச் சுருள்கோடாகக் கீறுகிறார்கள். அதன்மேல் வெள்ளிப் பூச்சு தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் எதிர்ப்பிரதி கிடைக்கும். அதிலிருந்து ‘மதர்’ என்ற நேர்ப்பிரதி, மதரிலிருந்து தட்டை அச்சடிக்கும் ‘ஸ்டாம்பர்’. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாம்பர்களை இயந்திரத்தில் பூட்டி, சூடான பி.வி.சி. உருண்டையை நடுவில் வைத்து, கொழுக்கட்டை அச்சை மூடுவதுபோல அழுத்துகிறார்கள். நடுவிலுள்ள காகித லேபிளும் அதே அழுத்தத்தில்தான் பதிகிறது; பசை கிடையாது. ஒரு ஸ்டாம்பர் சுமார் ஆயிரம் தட்டு தாங்கும், பிறகு தேய்ந்துவிடும்.

மொத்தமாக அச்சடிப்பதற்கு முன் சில சோதனைத் தட்டுகளை எடுத்து லேபிளுக்கு, அதாவது ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்துக்கு, அனுப்புவார்கள். அதில் ஒரு இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்டாலும் லாக்கரிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டி வரலாம். தேதி மாறிவிட்டது என்று வரும் மெயில்களில் பல இந்தக் கட்டத்தில் எழுதப்படுபவை. யாரோ உட்கார்ந்து கேட்டு, சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாமதத்தை நான் மனதார ஏற்றுக்கொள்வேன்.

இதோடு ஆலைகளின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். லாக்கர் தட்டு தயாரிக்கும் நிறுவனங்கள் உலகத்திலேயே இரண்டுதான் இருந்தன. அதில் ஒன்றான கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரி 6 அன்று தீயில் அழிந்தது. ஜப்பானில் ஒன்றுதான் மிஞ்சியது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு; வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் முன்பைவிட அதிகமாக ரெக்கார்டு வாங்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் 2023-ல் 59 லட்சம் எல்.பி. (முழு ஆல்பத் தட்டு) விற்றது, 1990-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு விற்றதில்லை. ஆலைகள் பெருகி நிலைமை இப்போது தேறியிருக்கிறது. ஆனாலும் சின்ன லேபிள் போடும் தேதியை உத்தேசத் தேதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பிறந்தநாள் பரிசு என்று நம்பி முன்பதிவு செய்யாதீர்கள்.

‘லிமிடெட்’ என்றால் எவ்வளவு?

புதிதாக வருபவர்களின் பணம் அதிகம் கரைவது இந்த ஒரு சொல்லில்தான். ஸ்டிக்கரில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று பார்த்தவுடன் கை தானாகக் கார்டை எடுக்கும். ஒரு நிமிடம் நிதானித்து எத்தனை பிரதி என்று தேடுங்கள்.

எண் போட்டிருந்தால் அது உண்மையான கட்டுப்பாடு. உறையின் பின்னால் 500-ல் 212 என்று கையாலோ முத்திரையாலோ இருக்கும். பிரிட்டனில் சில தனிக்கடைகள் (பெரிய நிறுவனங்களின் கிளையாக இல்லாதவை) சேர்ந்து 2018-ல் தொடங்கிய ‘டிங்க்ட் எடிஷன்’ வரிசை இப்படி எண்ணிட்டு வருவது. கூடுதலாக ஒரு சின்னத் தட்டோ அச்சுப்படமோ உள்ளே இருக்கும், அந்தப் பதிப்பைத் திரும்ப அச்சடிக்க மாட்டார்கள். எண் போடாவிட்டாலும் ‘300 பிரதிகள்’ என்று லேபிளே எழுதியிருந்தால் நம்பலாம். சின்ன லேபிள் 300 மட்டும் போடுவதற்குக் காரணம் பணம்தான்: அதிகம் அச்சடித்து மிச்சம் விற்காமல் வீட்டில் அடுக்கிக்கிடந்தால் அந்த லேபிள் அடுத்த தட்டைப் போட முடியாது. இவர்களுடையது தீர்ந்தால் நிஜமாகவே தீர்ந்துவிடும். பிடித்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

எண்ணிக்கையே சொல்லாமல் ‘லிமிடெட்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த வார்த்தைக்கு எடை கிடையாது. பெரிய பாப் பாடகர்களின் ஆல்பம் ஐந்து நிறத்தில், நான்கு அட்டையில் வருகிறது. பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே பாட்டுகள். விற்கும் ஒவ்வொரு பிரதியும் தரவரிசைக் கணக்கில் சேரும்; இத்தனை நிறங்கள் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் ஒரே ஆல்பத்தை மூன்று முறை வாங்குவதைக் கடையில் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும், மீதிக் காசில் இன்னொரு பாடகரைக் கேட்கலாம்.

நிறத்தைவிட முக்கியமானவை

கறுப்புத் தட்டு கறுப்பாக இருப்பது அதில் சேர்க்கும் கார்பன் கறுப்பினால். நல்ல ஆலையில் அடித்த ஒற்றை நிறத் தட்டும் கிட்டத்தட்ட அதே அமைதியோடு ஒலிக்கும். பல நிறம் தெறித்த ‘ஸ்ப்ளாட்டர்’ சில சமயம் கொஞ்சம் இரையும். இருட்டில் ஒளிரும் தட்டு, படம் பதித்த பிக்சர் டிஸ்க் இரண்டும் சுவரில் மாட்டத்தான் அழகு. பிக்சர் டிஸ்க்கில் படத்தின்மேல் மெல்லிய படலம் ஒன்றில்தான் பாட்டு பதிந்திருக்கும், அந்த இரைச்சலைத் தவிர்க்க முடியாது. 180 கிராம் எடை என்பதாலேயே ஒலி நன்றாக இருந்துவிடாது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், வளையாமல் கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். 140 கிராமில் அருமையான தட்டுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

முன்பதிவுப் பக்கத்தில் வேறு விஷயங்களைத் தேடுங்கள். மாஸ்டரிங் (வெட்டுவதற்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) செய்தது யார், லாக்கர் வெட்டியது யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா? எந்த ஆலை? ஜெர்மனியின் பல்லாஸ், ஆப்டிமல், அமெரிக்காவின் ஆர்.டி.ஐ., க்யூ.ஆர்.பி. என்றால் எனக்கு நம்பிக்கை வரும். செக் நாட்டின் ஜி.இசட். மீடியா உலகத்தின் மிகப் பெரிய ஆலை. அங்கிருந்து மிக நல்லதும் வரும், சுமாரானதும் வரும். அடுத்தது நிமிடக் கணக்கு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் போல இருந்தால் கோடுகளுக்கு இடம் தாராளம். 28 நிமிடத்தை ஒரு பக்கத்தில் அடைத்தால் ஒலியின் அளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். பாட்டு மெலிந்து கேட்கும். 55 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் போடுகிறார்கள் என்றால் நான் யோசிப்பேன்.

பழைய ஆல்பத்தின் மறுபதிப்பு என்றால் மூல நாடாவிலிருந்து எடுத்ததா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா என்றும் பாருங்கள். 2022-ல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க லேபிள் விஷயத்தில் இது பெரிய சர்ச்சையானது. முழுக்க அனலாக், அதாவது டிஜிட்டல் கலக்காதது, என்று பலர் நம்பி அதிக விலை கொடுத்த தட்டுகளில் டிஜிட்டல் படி ஒன்று இருந்தது தெரியவந்து, வழக்கு வந்து, சமரசத்தில் முடிந்தது. அந்தத் தட்டுகளின் ஒலியை ரசித்தவர்களே கோபப்பட்டார்கள். தங்களிடம் முன்பே சொல்லவில்லை என்பதுதான் அவர்களின் வருத்தம்.

செய்தி முதலில் எட்ட

சமூக ஊடகத்தை நம்பினால் தாமதமாகத்தான் தெரியும். பிடித்த கலைஞர், அவருடைய லேபிள், உங்களுக்குத் தோதான இரண்டு கடைகள் ஆகியோரின் மெயில் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள். மெயிலில் இதற்கென ஒரு தனி லேபிள் போட்டு, அறிவிப்பு ஒலி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கலைஞர்களுக்கு, அவர்களே நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் ‘ஃபாலோ’ கொடுத்தால் போதும். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க ஆல்பம் வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. ஆனால் முன்பதிவு தொடங்குவது அறிவிப்பு வரும் நாளில், பெரும்பாலும் முதல் பாட்டு வெளியாகும் அதே நிமிடத்தில்.

நேரக் கணக்கில் பலர் கோட்டைவிடுகிறார்கள். லண்டன் கடை காலை 10 மணி என்று போட்டால், கோடையில் சென்னைக்கு அது பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கே கடிகாரம் மாறும்.

முன்பதிவு தொடங்கும் நேரத்தில்

முந்தின நாளே கடையில் கணக்குத் திறந்து முகவரியையும் கார்டையும் பதிந்து வையுங்கள். வங்கியின் ஓ.டி.பி. வரும் ஃபோன் பக்கத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலான கடைகளில் கூடையில் போட்டதால் தட்டு உங்களுக்கென்று ஒதுக்கப்படாது. பணம் கட்டி முடித்தால்தான் உங்களுடையது. எனவே கூடையில் போட்டுவிட்டு வேறு எதையும் மேயாதீர்கள்.

கையிருப்பில் இருக்கும் தட்டையும் முன்பதிவுத் தட்டையும் ஒரே ஆர்டரில் சேர்க்க வேண்டாம். எல்லாம் வந்த பிறகு மொத்தமாக அனுப்புவது பல கடைகளின் வழக்கம். அடுத்த வாரம் கேட்க நினைத்த தட்டு ஐந்து மாதம் கிடங்கில் கிடக்கும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம், கடை, விலை, தேதி, பணம் இப்போதே எடுத்தார்களா அனுப்பும்போதா என்ற ஐந்து விவரம் போதும். சில கடைகள் உடனே பணம் எடுக்கும், சில அனுப்பும் அன்றுதான். எட்டு முன்பதிவு ஒரே மாதத்தில் கிளம்பினால் கணக்கு என்ன ஆகும் என்பதை அந்த நோட்டு முன்கூட்டியே காட்டிவிடும். ஒரே தட்டை இரண்டு கடையில் மறந்துபோய்ப் போடுவதையும் அது தடுக்கும்.

ரெக்கார்டு ஸ்டோர் டே

அமெரிக்காவின் தனிக்கடைக்காரர்கள் 2007-ல் யோசித்து 2008 ஏப்ரல் 19 அன்று முதன்முதலில் நடத்திய நாள் இது. இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சனிக்கிழமை, பல நாடுகளில். அன்றைக்கென்றே நூற்றுக்கணக்கான தட்டுகள் அச்சாகி, தனிக்கடைகளில் மட்டும் விற்கும். விதிமுறை எளிது: முன்பதிவு கிடையாது, எடுத்துவைக்கச் சொல்லக் கூடாது, முதலில் வந்தவருக்கு முதலில், ஒரு ஆளுக்கு ஒரு பிரதி.

பட்டியல் வழக்கமாக பிப்ரவரியில் வரும். அதைப் படிக்கும்போது வகையைக் கவனியுங்கள். ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றால் அந்தப் பதிப்பு தனிக்கடைகளில் மட்டும். ‘ஆர்.எஸ்.டி. (ரெக்கார்டு ஸ்டோர் டே) ஃபர்ஸ்ட்’ என்றால் அன்று முதலில் வருகிறது, பின்னால் பொதுக் கடைகளுக்கும் வரலாம். இந்த இரண்டாவது வகைக்காக விடியற்காலையில் நிற்பதில் அர்த்தமில்லை. ஐந்து பெயர் எழுதி, வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் இரண்டு கிடைத்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். அந்த நாளுக்கு முன்பே ஒருமுறை கடைக்குப் போய், எதையெல்லாம் வரவழைக்கக் கேட்டிருக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். கேட்டது அத்தனையும் கடைக்கு வராது. கடைசி வாரம்வரை அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது.

நான் முதல் தடவை சோஹோவின் பெர்விக் தெருவுக்குப் போனது அதிகாலை ஐந்து மணிக்கு. எனக்கு முன்னால் அறுபது பேர் இருந்தார்கள். மடக்கு நாற்காலி, போர்வை, ஃபிளாஸ்க்கில் தேநீர். ஏழு மணிக்குக் கடைப்பையன் ஒரு அச்சடித்த பட்டியலோடு வரிசை நெடுக வந்து, வேண்டியதை டிக் செய்யச் சொன்னான். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் தாளில் ஒரே ஒரு டிக் போட்டார். பழைய ரெகே தட்டு ஒன்று. நாற்பது வருடத்துக்கு முன் தன் அண்ணன் வைத்திருந்தது, வீடு மாறும்போது தொலைந்தது என்றார். அது அவருக்குக் கிடைத்தது. உறையைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நடந்துபோனதை நான் வரிசையில் நின்றபடி தெரு முனைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதல் விருப்பம் கிடைக்கவில்லை, மூன்றாவது கிடைத்தது.

கிடைக்காவிட்டால் அன்று மாலையே ஏல தளங்களில் இரு மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். பிரிட்டனில் மிச்சமிருக்கும் பிரதிகளைக் கடைகள் அடுத்து வரும் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு இணையத்தில் ஏற்றும். நான் அப்படி வாங்கியவை வரிசையில் நின்று வாங்கியவற்றைவிட அதிகம்.

பார்சல் வந்ததும்

அன்றே பிரித்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை, நல்ல மனநிலையில் நிதானமாகக் கேட்கலாம் என்று ஒரு இரட்டைத் தட்டை ஏழு வாரம் அப்படியே வைத்திருந்தேன். பிரித்தால் இரண்டாவது தட்டு கிண்ணம்போல வளைந்திருந்தது. கடை மாற்றித் தர மறுத்துவிட்டது. பிரிட்டன் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திருப்பி முழுப்பணம் கேட்க 30 நாள். அதைத் தாண்டினால் நம் பிடி தளர்ந்துவிடும்.

அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கையால் கிழியுங்கள், நடுவில் கத்தி வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உறையின் திறந்த பக்கம் மட்டும் நகத்தால் கீறித் திறங்கள். உறையின் ஒட்டிய ஓரத்தைத் தடவிப் பாருங்கள்: பயணத்தில் தட்டு உள்ளே குதித்து ஓரத்தை அறுத்திருக்கும். இதைத் தடுக்க, தட்டை உறைக்கு வெளியே வைத்து அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதலாம். நல்ல கடைகள் செய்வார்கள்.

தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் தொட்டு எடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விரல்தடம், காகித உள்ளுறை உதிர்த்த தூசு, கீறல் எல்லாம் தெரியும். தூசு குறையல்ல, துடைத்தால் போகும். பிறகு ஓடவிட்டு, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் எப்படிப் போகிறது என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மேலும் கீழும் லேசாக அசைந்தால் சின்ன வளைவு, பெரும்பாலும் கேட்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமும் ஊசலாடினால் துளை மையத்தில் இல்லை. பியானோவோ நாதஸ்வரமோ நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும் இடத்தில் சுருதி அலையும். அதைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஃபோனில் வீடியோ எடுத்து அனுப்பினால் கடைக்காரரோடு வாதமே வராது.

கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வழவழப்பான வளையத்தை ரன்-அவுட் என்பார்கள். அதில் கீறியிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் தட்டின் ஜாதகம். வெட்டியவரின் முதலெழுத்து, ஆலையின் குறி, சில சமயம் ரசிகனுக்கென்று ஒரு வரி. அதை, தட்டுகளின் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால் உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும்.

தவறிப்போனால்

காத்திருங்கள். நன்றாக விற்ற ஆல்பத்துக்கு மறு அச்சு வர வாய்ப்பு அதிகம். நிறம் மாறும், பாட்டு மாறாது. தீர்ந்துபோன முதல் சில வாரங்களில்தான் மறுவிற்பனை விலை உச்சத்தில் இருக்கும். டிஸ்காக்ஸில் அந்தப் பதிப்பு இதுவரை விற்ற குறைந்த, நடு, அதிக விலைகளைப் பார்க்கலாம். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்ற நடு விலையைப் பாருங்கள். தட்டின் நிலையை ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’ என்று இறங்குவரிசையில் சொல்வார்கள். பெயரில் ஏமாறாதீர்கள்: ‘வெரி குட்’ என்றால் சரசரப்பு நன்றாகவே கேட்கும். தட்டு இன்னும் கைக்கு வராமலேயே விற்பனைக்குப் போடுகிறவர்களிடம் வாங்க வேண்டாம்.

இந்தியாவுக்கு வரவழைக்க

ஒற்றைத் தட்டுக்குத் தபால் செலவு தட்டின் விலையை நெருங்கிவிடும். சுங்க வரி தனி. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைப்பது மேல். அல்லது மும்பையின் ரிவால்வர் கிளப் போன்ற உள்ளூர்க் கடையிடம் இந்தத் தட்டு வருமா என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் உடைந்தால் பேச ஒரு ஆள் இருக்கிறார். ஒரு காலத்தில் கல்கத்தா டம்டம் ஆலையில் எச்.எம்.வி.யின் தமிழ்ப் படத் தட்டுகளே அச்சாகின; பல்லாண்டு இடைவெளிக்குப் பின் 2024-ல் மும்பையில் மீண்டும் ஒரு ஆலை வந்திருக்கிறது. இங்கேயே அச்சானால் இந்தத் தபால் கணக்கே மாறும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதத்தில் பார்சல் வந்தால் தபால் வண்டியிலிருந்து இறங்கியவுடன் பிரித்து ஓட்டாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை சமதளத்தில் கிடக்கட்டும். தட்டுகளைப் பரணில் வைக்கவே கூடாது. கான்கிரீட் கூரைக்குக் கீழே பகலில் ஏறும் சூட்டில் அடுக்கின் மேல் தட்டு முதலில் வளையும். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து சற்று உயரத்தில், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள்.

மருமகன் ஆர்டரை ரத்து செய்யவில்லை. அவனுடையது 500 பிரதி, லேபிளே சொன்ன கணக்கு. சோதனைத் தட்டில் இரண்டாம் பக்கம் சரியில்லை என்று அந்த மெயிலிலேயே எழுதியிருந்தார்கள், அவன் கோபத்தில் முழுசாகப் படிக்கவில்லை. செப்டம்பரில் வந்ததும் ரன்-அவுட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.